மஸ்கடே ஒயினும் அதற்கேற்ற உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய நாந்த் நகருக்கு விருந்தினராக வரும் நண்பர்களும் உறவினர்களும் உணவகத்தில் அமர்ந்தவுடன் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். பாரிஸில் இருபது ஆண்டுகள் இருந்தவர்களும் இந்த ஊர் ஒயினைப் பற்றி அதிகம் அறிந்திருப்பதில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழிக்கு நெருக்கமாகவே இருக்கின்றன. மது அருந்தாதவர்களை அருந்த வைப்பது என் நோக்கம் அல்ல. அருந்துகிறவர்கள் கையில் இருப்பது என்னவென்று தெரிந்து அருந்தட்டும் என்பதே.

மஸ்கடே என்பது என்ன? ஊரின் பெயரா, திராட்சையின் பெயரா?

இரண்டும் இல்லை, அது ஒயினின் பெயர். லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்துக்கு அருகே, நாந்த் நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் உருவாகும் வெள்ளை ஒயின் இது. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோஞ். பெயரே சொல்வதுபோல் அது பர்கண்டிப் பகுதியிலிருந்து வந்தது. அங்கே மதிப்பிழந்த கொடி இங்கே குடியேறி நிலைத்துவிட்டது. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் இந்தப் பகுதியின் கொடிகள் பெரும்பாலும் பட்டுப்போயின. மீண்டும் நட்டபோது குளிரைத் தாங்கும் மெலோனைத்தான் பலரும் தேர்ந்தெடுத்தார்கள். பிராந்தி காய்ச்சுவதற்காக மணம் அடங்கிய வெள்ளை ஒயினைத் தேடிவந்த டச்சு வணிகர்களுக்கும் இது தோதாக இருந்தது.

இந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பங்கு செவ்ர்-எ-மேன் பகுதியிலிருந்து வருகிறது. நாந்துக்குத் தென்கிழக்கே ஓடும் செவ்ர், மேன் என்ற இரண்டு சிற்றாறுகளின் பெயர்கள் அவை. அந்தப் பகுதிக்கு 1936இல் சட்டப்படியான பிறப்பிடச் சான்று கிடைத்தது. கடையில் முதன்முறையாக வாங்குபவர் லேபிளில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பெயரைப் பார்த்தால் மஸ்கட் போல இருக்கிறதே, இனிப்பாக இருக்குமா?

இருக்காது. மஸ்கட் வேறு திராட்சை. பூ மணமும் பழ மணமும் தூக்கலாக இருக்கும், பல இடங்களில் அதிலிருந்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள். மஸ்கடேயில் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடுகிறது. ஆல்கஹாலும் பொதுவாக 12 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இனிப்பை எதிர்பார்த்து வாய் வைத்தவர்கள் முகம் சுளிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறு ஒயினுடையது அல்ல.

லேபிளில் ‘சூர் லீ’ என்று போட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

வண்டலின் மேல் வைத்தது என்று பொருள். திராட்சைச் சாறு நொதித்து முடிந்ததும் வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் படியும். பெரும்பாலான ஊர்களில் வெள்ளை ஒயினை அதிலிருந்து பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுவதும் அந்த வண்டலோடேயே விட்டுவைக்கிறார்கள். அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதிக்கு முன் பாட்டிலில் அடைத்தால் ‘சூர் லீ’ என்று எழுத முடியாது. பல தோட்டங்களில் இதற்கான தொட்டிகள் தரைக்கு அடியில் கட்டப்பட்டிருக்கின்றன. வெப்பம் ஏறி இறங்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஈஸ்ட் செல்கள் மெல்லச் சிதையும்போது அவற்றின் உட்பொருள்கள் ஒயினில் கரைகின்றன. வெறும் புளிப்பாக நின்றிருக்கக்கூடிய ஒயினுக்கு அதனால் ஒரு திடமும், புதிதாகச் சுட்ட ரொட்டியை நினைவூட்டும் இலேசான மணமும் கிடைக்கின்றன. வண்டல் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் வாடாமலும் இருக்கிறது. மஸ்கடே வாங்குவதென்றால் இந்த இரண்டு சொற்கள் இல்லாத பாட்டிலை நான் பெரும்பாலும் எடுப்பதில்லை. கீழே சொல்லப்போகும் கிராமப் பெயர் தாங்கிய ஒயின்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை இன்னும் நீண்ட காலம் வண்டலில் கிடந்தாலும் லேபிளில் வேறு வகையாகவே அறிமுகமாகும்.

வண்டலில் வைத்தது என்றால் கலங்கலாக இருக்குமோ?

இருக்காது. வண்டல் தொட்டியிலேயே தங்கிவிடும். பாட்டிலுக்கு வருவது தெளிந்த ஒயின். வெளிறிய மஞ்சள், சில நேரம் பச்சைச் சாயல். வடிகட்டாமல் அடைக்கும் சில சிறு தயாரிப்பாளர்களின் பாட்டில்களில் மட்டும் இலேசான மங்கல் இருக்கலாம்.

நாக்கில் சுருக்கென்று குமிழி தட்டியது. பாட்டில் கெட்டுவிட்டதா?

இல்லை. நொதிக்கும்போது உண்டான கரியமில வாயுவில் கொஞ்சம் ஒயினிலேயே தங்கிவிடுகிறது. தொட்டி மாற்றாமல் நேராகப் பாட்டிலில் அடைப்பதால் அது வெளியேற வழியில்லை. இளம் மஸ்கடேயில் இந்தச் சுருக்கு இருப்பது நல்ல அறிகுறி என்றே இங்கே கருதுகிறார்கள். பிடிக்காதவர்கள் கிளாஸைச் சிறிது சுழற்றினால் போய்விடும்.

பாட்டில் அடியில் கண்ணாடித் துண்டு போல ஏதோ கிடக்கிறது. குடிக்கலாமா?

குடிக்கலாம். திராட்சையில் இயல்பாக உள்ள டார்ட்டாரிக் அமிலம் குளிரில் உப்பாகிப் படிந்தது அது. நிறமற்ற சிறு படிகங்களாக இருக்கும். தீங்கு எதுவும் இல்லை. கடைசிக் கிளாஸை மட்டும் மெதுவாக ஊற்றுங்கள்.

எவ்வளவு குளிராகக் கொடுக்க வேண்டும்? பனிக்கட்டி போடலாமா?

8 முதல் 10 டிகிரி சரியானது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அதைவிடக் குளிர்ந்தது. ஆகவே எடுத்து ஒரு கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது. பல்லைக் கூசவைக்கும் குளிரில் எந்த ஒயினும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். பனிக்கட்டி வேண்டாம், ஏற்கெனவே மெல்லிய உடலுள்ள ஒயின், நீர் சேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. வெயில் கொளுத்தும் நாளில் பாட்டிலைத் தண்ணீரும் பனிக்கட்டியும் கலந்த வாளியில் நிறுத்திவையுங்கள்.

சிப்பிக்கு மஸ்கடே என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது வெறும் வழக்கமா, உண்மையிலேயே காரணம் இருக்கிறதா?

வழக்கமும் உண்டு, காரணமும் உண்டு. வழக்கம் எளிது: திராட்சைத் தோட்டமும் சிப்பிப் பண்ணைகளும் ஒரே கடற்கரையின் அக்கம்பக்கம். காரணம் சற்றுச் சுவையானது. பச்சைச் சிப்பியில் இருப்பது உப்பு, கடல்நீர், சிறிது இனிப்பு, ஒருவித வழவழப்பு. வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிவதுபோல இந்த ஒயினின் புளிப்பு அந்த வழவழப்பை வெட்டுகிறது. உப்போ, ஒயினின் புளிப்பை மென்மையாக்கிக் காட்டுகிறது. தனியாகக் குடித்தபோது கூர்மையாகத் தெரிந்த அதே ஒயின் சிப்பிக்குப் பிறகு வட்டமாகத் தெரியும். வண்டல் தந்த திடம், மேலே சொன்னது, இங்கேதான் பயன்படுகிறது. அது இல்லாவிட்டால் சிப்பியின் அழுத்தமான சுவைக்கு முன் ஒயின் காணாமல் போய்விடும்.

வேறு ஒயின்கள் ஏன் சறுக்குகின்றன என்பதற்கும் விடை உண்டு. சில ஒயின்களோடு கடலுணவைச் சேர்த்தால் வாயில் ஒரு நாட்பட்ட மீன் வாடை எழும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு முக்கியக் காரணம் ஒயினில் கரைந்துள்ள இரும்பு என்று காட்டினார்கள். இரும்பு மிகுந்த ஒயினில் ஸ்காலப் சிப்பியை ஊறவைத்தபோது வாடை கூடியது. சிவப்பு ஒயின்களில் இந்த ஆபத்து அதிகம், வெள்ளையிலும் சிலவற்றில் உண்டு.

என் கருத்து ஒன்று: வினிகரில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட சாஸைச் சிப்பிமேல் ஊற்றிவிட்டு ஒயினைக் குறை சொல்லக்கூடாது. வினிகர் எந்த ஒயினையும் தட்டையாக்கிவிடும். சில துளி எலுமிச்சை போதும். அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

உணவகத்தில் சிப்பிக்கு 2, 3 என்று எண் போடுகிறார்களே, பெரிய எண் பெரிய சிப்பியா?

நேர் எதிர். எண் சிறியதானால் சிப்பி பெரிது. 3ஆம் எண் சிப்பி ஓட்டோடு 66 முதல் 85 கிராம் வரை இருக்கும். முதன்முறை சாப்பிடுபவருக்கு அதுவோ 4ஆம் எண்ணோ போதும். கோடையில் சிப்பி இனப்பெருக்கப் பருவத்தில் பால் பிடித்துக் கொழகொழப்பாக இருக்கும். பலருக்கு அது பிடிப்பதில்லை. பிரெஞ்சு மாதப் பெயர்களில் ‘ஆர்’ எழுத்து வரும் மாதங்களில் சாப்பிடு என்ற பழைய பேச்சின் பின்னணி இதுதான். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையாகச் சிப்பி சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. வேறென்ன பொருந்தும்?

தாராளமாக இருக்கிறது. முதலில் கறுப்பு மட்டி. ஒரு கிலோ மட்டியைக் கழுவி, உடைந்தவற்றையும் தட்டினால் மூடாதவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் வெண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கி, ஒரு கிளாஸ் மஸ்கடே ஊற்றிக் கொதித்ததும் மட்டியைப் போட்டு மூடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் ஓடு திறந்துவிடும். நறுக்கிய பார்ஸ்லி தூவினால் வேலை முடிந்தது. உப்பு போடாதீர்கள், மட்டிக்குள் இருக்கும் கடல்நீரே போதும். பாத்திரத்துக்குப் போன ஒயினே கிளாஸிலும் இருப்பதால் பொருத்தம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது இந்த ஊரின் பெருமை: பேர் பிளாங் என்னும் வெண்ணெய்ச் சாஸ். நாந்துக்கு அருகே லுவார் கரையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், க்ளெமான்ஸ் லெஃபேவ்ர் என்ற சமையற்கலைஞர் இதை உருவாக்கியதாகச் சொல்கிறார்கள். வேறொரு சாஸ் செய்யப்போய் முட்டை மஞ்சட்கரு சேர்க்க மறந்ததால் பிறந்தது என்பது கதை. மறதியில் பிறந்த பதார்த்தம் என்று சொல்லப்படாத பிரெஞ்சு சமையல் குறைவு, ஆகவே நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். சின்ன வெங்காயத்தை வினிகரிலும் மஸ்கடேயிலும் சுண்டவைத்து, குளிர்ந்த வெண்ணெயைச் சிறுசிறு துண்டாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். கொதித்துவிட்டால் வெண்ணெய் பிரிந்துவிடும். லுவார் ஆற்றின் பைக் மீனுக்கும், முள் நிறைந்த அலோஸ் மீனுக்கும் இதை ஊற்றுகிறார்கள். இவ்வளவு வெண்ணெய்க்கு எதிரே நிற்க இந்த ஒயினின் புளிப்பு தேவைப்படுகிறது.

இவை தவிர, சுட்ட மத்தி, வேகவைத்த இறால், மாவில் தோய்த்துப் பொரித்த எந்தச் சிறுமீனும் பொருந்தும். பொரித்த உணவுக்கு மஸ்கடே சிறந்த துணை என்பதை ஏனோ யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நான் சைவம். எனக்கு இதில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. புதிய ஆட்டுப்பால் சீஸ் முதலிடம்; அதன் புளிப்பும் ஒயினின் புளிப்பும் ஒரே உயரத்தில் இருப்பதால் ஒன்றையொன்று மீறுவதில்லை. நாந்த் பகுதியில் நிறையப் பயிராகும் மாஷ் கீரையை எண்ணெயும் எலுமிச்சையும் கலந்து சாலடாகச் செய்தால் நன்றாக இருக்கும். வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்குமேல் கெராந்த் உப்பு தூவிச் சாப்பிடுவது எளிமையின் உச்சம். கெராந்த் உப்பளங்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. உள்ளூர்ச் சீஸான க்யூரே நாந்தேயும் உண்டு; மணம் கடுமையானது, சிலர் அதன் மேல்தோலை மஸ்கடேயாலேயே கழுவிப் பதப்படுத்துகிறார்கள். பிரான்சின் மரபான சீஸ்கள் பலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும் என்பதைச் சைவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒயின் சைவம்தானே, திராட்சை மட்டும்தானே?

எப்போதும் அல்ல. ஒயினைத் தெளியவைக்கச் சிலர் பென்டனைட் என்ற களிமண்ணைப் பயன்படுத்துகிறார்கள். சிலர் பால் புரதம், முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை ஆகியவற்றை. வேலை முடிந்ததும் அவை வடிகட்டப்பட்டுவிடும். ஆனாலும் கொள்கைப்படி வேண்டாம் என்பவர்களுக்கு அது பதிலாகாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பாலோ முட்டையோ ஒயினில் எஞ்சியிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே லேபிளில் எதுவும் இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீகன் முத்திரை உள்ள பாட்டிலை எடுங்கள், அல்லது தோட்டத்துக்காரரிடமே கேளுங்கள்.

நம் வீட்டு மீன் குழம்போடு குடித்தால் எப்படி இருக்கும்?

நன்றாக இருக்காது. புளியின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடப் பலமானது; வினிகரைப் பற்றிச் சிப்பிக் கேள்வியில் சொன்னது இங்கேயும் நடக்கும். மிளகாய்க் காரம் வேறு நாக்கை எரியவிட்டு ஒயினைக் கூர்மையாக்கும். ஆல்கஹால் குறைவு என்பதால் எரிச்சல் மற்ற ஒயின்களைவிடக் குறைவுதான், ஆனால் அது ஆறுதல் பரிசு.

தேங்காய்ப்பாலில் செய்த சொதி வேறு கதை. யாழ்ப்பாணத்து வீடுகளில் மீன் போட்டு, காரம் அடக்கி, இறக்கியபின் எலுமிச்சை பிழியும் சொதிக்கு மஸ்கடே அழகாக அமைகிறது. பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஈழத்தமிழர் வீடுகளில் இதைச் சோதித்துப் பார்க்கத் தடையேதும் இல்லை. மஞ்சளும் உப்பும் தடவி, மிளகாய்த்தூளில் கைசிக்கனம் காட்டிப் பொரித்த வஞ்சிரமும் அப்படியே.

எதோடு நிச்சயம் சேராது?

செந்நிறக் குழம்பு ஊற்றிய மாட்டிறைச்சி, இனிப்புப் பண்டங்கள், நீலப் பூசண சீஸ், சோயாவும் சர்க்கரையும் சேர்ந்த சாஸ்கள். இனிப்பு உணவுக்கு எதிரே புளிப்பு ஒயின் வெறும் காடியாகிவிடும். பிறந்தநாள் கேக்கோடு மஸ்கடே பரிமாறுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மலிவாகக் கிடைக்கிறதே, அப்படியென்றால் மட்டமான ஒயின்தானே?

விலைக்கும் தரத்துக்கும் நடுவில் இங்கே ஒரு வரலாறு நிற்கிறது. 1970களிலும் 1980களிலும் பிரிட்டனில் இதற்குப் பெரும் கிராக்கி இருந்தது. கிராக்கியைத் தொடர்ந்து, தண்ணீர் போன்ற ஒயினும் அதே பெயரில் வெளியே போனது. 1991 ஏப்ரலில் உறைபனி தாக்கி விளைச்சலைப் பெருமளவு அழித்தது. விலை ஏறியது, வாங்கியவர்கள் வேறு பக்கம் போனார்கள். போன பெயர் இன்னும் முழுவதும் திரும்பவில்லை. ஆகவே உழைப்புக்கேற்ற விலை கிடைக்காமலேயே நல்ல தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். அவர்களுக்கு நட்டம், நமக்கு இலாபம்.

வித்தியாசத்தை உணர விரும்பினால் கிராமப் பெயர் தாங்கிய பாட்டிலை எடுங்கள். கிளிசோன், கோர்ஜ், லெ பாலே ஆகிய மூன்றும் 2011இல் தனி அங்கீகாரம் பெற்றன. கூலேன், ஷாத்தோ-தெபோ உள்ளிட்ட நான்கு 2019இல் சேர்ந்தன. இவற்றில் ஒயின் ஒரு குளிர்காலத்துக்குப் பதில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்வரை வண்டலில் கிடக்கும். கிளிசோனின் நிலம் கிரானைட். ஒயின் பருத்தது, பழச்சுவை நிறைந்தது. கோர்ஜின் நிலம் கப்ரோ என்ற கருநிறக் கடும்பாறை. அங்கிருந்து வருவது இறுக்கமானது, திறந்துகொள்ள நேரம் கேட்பது. அருகருகே உள்ள இரண்டு ஊர்கள், ஒரே திராட்சை. இரண்டையும் ஒரே மாலையில் சுவைத்தவர் மஸ்கடேயை மட்டம் என்று மறுபடி சொல்லமாட்டார்.

எத்தனை ஆண்டு பாதுகாத்து வைக்கலாம்?

சாதாரண சூர் லீ பாட்டிலை இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். முதலில் போவது மேலே சொன்ன அந்தச் சுருக்குதான். கிராமப் பெயர் தாங்கியவை பத்து ஆண்டும் அதற்கு மேலும் நிற்கும். வயதான கோர்ஜில் தேன், உலர்பழ மணங்கள் வரும், புளிப்பு மட்டும் அசையாது. அதை 8 டிகிரியில் கொடுத்து வீணாக்காதீர்கள், 12 வரை போகலாம். சிப்பிக்கும் அதை வீணாக்க வேண்டாம். வெண்ணெய்ச் சாஸில் மீனோ, க்ரீம் சேர்த்த கோழியோ சரியான துணை.

ஷாப்லி, சான்சேர், குரோ பிளாங் இவையும் சிப்பிக்குத்தானே? என்ன வேறுபாடு?

ஷாப்லி ஷார்டனே திராட்சையிலிருந்து வருவது. சுண்ணாம்பு நிலம், விலை அதிகம். வேடிக்கை என்னவென்றால் ஷார்டனேயும் மெலோனும் உடன்பிறப்புகள்: இரண்டுக்கும் பெற்றோர் பினோவும் குவே பிளாங்கும் என்று மரபணு ஆய்வு 1999இல் காட்டியது. சான்சேர் சோவின்யோன் திராட்சை. லுவாரின் மேல்பகுதியில் விளைவது, மணம் தூக்கலானது. ஆட்டுப்பால் சீஸுக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன், சிப்பிக்கு அல்ல. குரோ பிளாங் மஸ்கடேயின் பக்கத்து வீட்டுக்காரர். ஃபோல் பிளான்ஷ் திராட்சை, புளிப்பு இன்னும் கடுமை. சிப்பியோடு மட்டும் அதை விரும்புபவர்கள் உண்டு, வேறெதோடும் விரும்புபவர்களை நான் சந்தித்ததில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், இதில் மணமே இல்லையே? நிபுணர்கள் சும்மா புகழ்கிறார்களா?

மணம் குறைவு என்பது உண்மை. மெலோன் இயல்பிலேயே அடக்கமான திராட்சை. டச்சு வணிகர்கள் விரும்பியதே அதற்காக. மூக்கை மட்டும் வைத்து மதிப்பிட்டால் சோவின்யோன் எப்போதும் வெல்லும். ஆனால் மேசையில் உணவு வந்தபின் நிலைமை மாறுகிறது. தூக்கலான மணம் உணவோடு போட்டி போடும். மஸ்கடே போட்டிக்கு வராது. உணவில்லாமல் இதை முகர்ந்து பார்த்து மதிப்பெண் போடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. கொஞ்சம் உப்புக் கடலை, ஒரு துண்டு வெண்ணெய் ரொட்டி இருந்தாலும் போதும், அதன்பின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாதி பாட்டில் மீதியாகிவிட்டது. கொட்டிவிடுவதா?

மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் மட்டிக்கு ஊற்றுங்கள், செய்முறை மேலே இருக்கிறது. வீட்டுக்குக் கார் ஓட்டிப் போக வேண்டியவர் அந்தப் பாதியை முடிக்க முயல வேண்டாம். பிரான்சில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. ஒரே கிளாஸில் 0.2ஐத் தாண்டிவிட வாய்ப்புண்டு.